அத்தையின் ஆயிரம் ரூபாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையில் ஒரு நடை போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் அத்தையின் பேரன் வந்து நின்றான். தறி வேலை வேண்டாம் என்று ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற பையன். முகம் சரியில்லை.

"மாமா, ஒரு விஷயம். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். பழைய ரூபாய் நோட்டு வைத்திருந்தால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வோம் என்று ஒருவர் பேசுகிறார். இவன் தங்கள் வீட்டு நோட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். பத்து நிமிஷத்தில் பதில்: பதினோரு லட்சம். ஆனால் முதலில் பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய் கட்டவேண்டும். கட்டினான். பிறகு ஜி.எஸ்.டி. என்று 4,800. அதன்பின் ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட ஒரு கடிதம் வந்தது. கூரியர் இன்ஷூரன்ஸ் 9,500. அதையும் கட்டினான். அதற்குப் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. மொத்தம் 15,450 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி.

இந்த வகை ஏமாற்று பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகவே சொன்னது. அந்த அறிவிப்பைப் படிக்கிறவர்கள் ஏமாறுவதில்லை, ஏமாறுகிறவர்கள் படிப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பையன் வைத்திருந்த நோட்டு நிஜமாகவே மதிப்புள்ளது. அந்தத் திருடர்களுக்கு அதுகூடத் தெரியாது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை அனுப்பியிருந்தாலும் பதினோரு லட்சம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நோட்டை எனக்கு நாற்பத்தேழு வருஷமாகத் தெரியும். அதன் கதையைச் சொல்வதற்கு முன், நோட்டுக்கு எப்படி விலை வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன், அதில் பாதி கேஷ் கவுன்ட்டரில். ஓய்வுக்குப் பிறகு பழைய நோட்டு சேர்க்கிற பைத்தியமும் பிடித்துக்கொண்டது. ஆகவே இரண்டு பக்கமும் தெரியும்.

பழசாக இருப்பதால் மட்டும் ஒரு நோட்டுக்கு விலை வருவதில்லை. நோட்டு என்பது ஓர் உறுதிமொழிச் சீட்டு. கொண்டு வந்து கொடுத்தால் பணம் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. அது கை மாறி மாறி அழுக்காகி, ஒருநாள் கொடுத்தவனிடமே திரும்பிப் போகும். அவன் அதை அழித்துவிடுவான். எல்லா நோட்டும் ஒழுங்காகத் திரும்பிப் போயிருந்தால் சேகரிப்பவனுக்கு ஒன்றுமே மிஞ்சாது. இன்று நம் கையில் இருப்பவை திரும்பிப் போகாதவை. யாரோ தொலைத்தது, ஒளித்தது, மறந்தது, மாற்ற முடியாமல் போனது. எத்தனை அப்படி மிஞ்சின என்பதுதான் விலையின் முதல் கணக்கு.

நம் நாட்டில் அரசாங்கக் காகிதப் பணம் 1861-ஆம் வருஷச் சட்டத்தோடு தொடங்குகிறது. அதற்கு முன் மதராஸ் வங்கி போன்ற மாகாண வங்கிகள் தாங்களே நோட்டு அடித்துக்கொண்டிருந்தன. சட்டம் வந்ததும் அந்த உரிமை போயிற்று. விக்டோரியா ராணியின் படத்தோடு ஒரே பக்கம் அச்சடித்த 10, 20, 50, 100, 1000 ரூபாய் நோட்டுகள் வந்தன. கள்ள நோட்டு பெருகியதால் 1867-இல் அவற்றை விலக்கி, அடியில் பச்சை வண்ணம் ஓடும் வேறு வகையைக் கொண்டுவந்தார்கள். நாட்டையே வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மதராஸ் வட்டார நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால் அங்கே மாற்றித் தரவேண்டிய கட்டாயம் கிடையாது. 1903-இலிருந்து 1911-க்குள்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாக எங்கும் செல்லும் என்று ஆயின.

அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மதராஸிலிருந்து மதுரைக்கு ஒரு வியாபாரி நூறு ரூபாய் அனுப்பவேண்டும் என்று வையுங்கள். தபாலில் திருட்டு பயம். நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தபின் மறு பாதி போகும். அங்கே இரண்டையும் எண் பார்த்து ஒட்டிக்கொள்வார்கள். அதனால்தான் அந்த நோட்டுகளில் பல நடுவில் ஒட்டுப் போட்டவையாகக் கிடைக்கின்றன. இப்போது கிழிந்த நோட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிறோம். அன்றைக்குக் கிழித்து அனுப்புவதுதான் பத்திரம்.

அடுத்து என் தாத்தாவின் ஒரு ரூபாய் நோட்டு. என் சேகரிப்பில் முதலாவது அதுதான். தகரப் பெட்டியில் கிரயப் பத்திரங்களோடு கிடந்தது. 1917 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான வகை. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயின் படத்தையே நோட்டின் மேல் அச்சிட்டிருப்பார்கள். 'இது காகிதம் என்று நினைக்காதே, ரூபாய்தான்' என்று சமாதானம் சொல்வதுபோல. காரணம் இருக்கிறது. முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கி விற்றால் ஒரு ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டது. கிராமத்து மக்கள் காகிதத்தை நம்பவில்லை. வெள்ளியைப் புதைத்து வைத்துக்கொண்டார்கள். நோட்டு கொண்டுபோனால் பல இடங்களில் வட்டம் பிடித்துக்கொண்டுதான் சில்லறை கொடுத்தார்கள். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஒரு ரூபாய் நோட்டும், அதைத் தொடர்ந்து வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும். ஆம், இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு இருந்தது! 1926-இல் இரண்டையும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ரூபாய் நோட்டு 1940-இல் திரும்ப வந்தது. இரண்டரை ரூபாய் வரவே இல்லை. இன்று சேகரிப்பவர்கள் அதற்குப் பறக்கிறார்கள்.

இதன் மறு பாதி எனக்கு அமெரிக்காவில் கிடைத்தது. 2012-இல் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தபோது, பழைய நாணயக் கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துப் போனான். ஒரு மேஜையில் 1918-ஆம் வருஷ இரண்டு டாலர் நோட்டு. பின்பக்கம் ஒரு போர்க்கப்பல். விலை, என் விமான டிக்கெட்டுக்குச் சமம். "இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் நான் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார். "உங்கள் நாட்டுக்காகத்தான் இதை அடித்தோம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது உண்மை என்று.

இந்தியாவில் வெள்ளி தீர்ந்து, நோட்டுக்கு வெள்ளி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியாமல் போகும் நிலையில் பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்று அங்கே நிறைவேறியது. அமெரிக்கக் கஜானாவில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கு மேல் உருக்கினார்கள். அதில் பெரும்பகுதி கப்பலேறி இங்கே வந்து ரூபாயாயிற்று. ஆனால் அங்கே அந்த டாலர்களை ஈடாக வைத்து வெள்ளிச் சான்று நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. ஈடு போனபின் அந்த நோட்டுகளையும் திரும்பப் பெறவேண்டும். அவற்றுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு டாலர், இரண்டு டாலர் நோட்டுகள் அடித்தார்கள். நான் பார்த்த போர்க்கப்பல் நோட்டு அந்த வகை. என் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஒரு ரூபாயும் அந்த இரண்டு டாலரும் ஒரே பஞ்சத்தில் பிறந்த பிள்ளைகள். (விலை கேட்டு மகன் முறைத்ததால் வாங்கவில்லை. இன்றும் அந்த வருத்தம் உண்டு.)

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லவேண்டும். அமெரிக்க அரசாங்கம் 1861 முதல் வெளியிட்ட எந்த நோட்டும் இன்றுவரை செல்லும். அந்தப் போர்க்கப்பல் நோட்டு எவ்வளவு கந்தலானாலும் இரண்டு டாலருக்குக் கீழே இறங்காது. நம் நாட்டு நோட்டுக்கு அந்த அடித்தளம் கிடையாது. ஓர் இரவு வானொலிச் செய்தியில் அது வெறும் காகிதமாகலாம்.

மூன்று முறை அப்படி நடந்தது. 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்போது வெளியே இருந்தது ஏறக்குறைய 144 கோடி. 1947 முடிவதற்குள் சுமார் 135 கோடி திரும்பி வந்துவிட்டது. வராமல் நின்றது ஒன்பது கோடிதான். சேகரிப்பவர்கள் தேடுவது அந்த ஒன்பது கோடியின் மிச்சத்தை. பிறகு 1954-இல் 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த ஆயிரம் ரூபாயின் பின்பக்கம் நம் தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் கட்டிய கோபுரம் மடியில் இருப்பது ஒரு கௌரவம் என்று பட்டு முதலாளிகள் பேசிக்கொள்வார்கள். எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்ததுகூட இல்லை. வங்கியில் சேர்ந்தபோது என் மாதச் சம்பளம் ஆயிரத்தில் பாதிகூட இல்லை.

1978-ஆம் வருஷம் ஜனவரி 16, திங்கட்கிழமை, காணும் பொங்கல். அன்று இரவு மொரார்ஜி தேசாய் அரசு அவசரச் சட்டம் போட்டது. 1000, 5000, 10,000 மூன்றும் செல்லாது. மறுநாள் வங்கிகளில் பொது வரவுசெலவு கிடையாது. 19-ஆம் தேதிக்குள் நோட்டைக் கொண்டுவந்து, எப்படிக் கிடைத்தது, ஏன் வைத்திருந்தேன் என்று உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளவேண்டும். தவறியவர்கள் காரணம் காட்டி 24-ஆம் தேதிவரை ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான். அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ஐ.ஜி. படேலுக்கே இதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்.

அந்த வாரம் நான் காஞ்சிபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டரில் இருந்தேன். இருட்டிய பிறகும் கணக்கு முடியாது. பஸ் பிடித்துத் தென்னேரிக்கு வர நேரமில்லாமல் நண்பன் அறையிலேயே தங்கிவிட்டேன். பட்டு முதலாளிகள், நகைக்கடைக்காரர்கள், ஒரு டாக்டர் என்று வந்தார்கள். பலர் முகத்தில் ஈயாடவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் எண்களை எழுதிக்கொள்வதும்தான் எனக்கு வேலை. பெரிய மனிதர்களின் சங்கடத்தைப் பார்ப்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்தார். அப்பாவின் மூத்த அக்கா. மாமா குழித்தறியில் உட்கார்ந்தால் அத்தை பக்கத்தில் தார் சுற்றுவார். பிறர் வீட்டுத் தறிகளுக்கும் சுற்றிக் கொடுத்து, அந்தக் கூலியில் மாமாவுக்குத் தெரியாமல் எடுத்து வைத்ததுதான் அவருடைய சிறுவாடு. மாமா நல்ல கைவேலைக்காரர். ஆனால் கையில் காசு தங்காது. அதற்கு மேல் எழுதவேண்டாம். அத்தை என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தார். எட்டாக மடித்த ஒரு நோட்டு, ஓரமெல்லாம் மஞ்சள்.

"தம்பி, இத மாத்திக் குடுடா. உங்க மாமாவுக்குத் தெரிய வேணாம்."

பிரித்தேன். தஞ்சாவூர்க் கோபுரம்.

பதினோரு வருஷச் சேமிப்பு. சில்லறையும் சின்ன நோட்டுமாக இருந்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார் என்று, ஒரு பட்டுக்கடைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து ஒரே நோட்டாக மாற்றி, மஞ்சள்தூள் டப்பாவின் அடியில் காகிதத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். மகனின் கல்யாணத்துக்கு. செல்லாது என்ற பேச்சு ஊரில் அடிபட்டபோது அது பணக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துவிட்டாராம். அதுவும் சரிதானே, எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"தேதி முடிஞ்சிபோச்சி அத்தை. இது இனிமே செல்லாது."

"நீ அங்கதானேடா உக்காந்திருக்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? மூன்று நாளும் யார் யாரோ கொண்டுவந்த ஆயிரங்களை வாங்கி வைத்தவன் நான். ஒருநாள் ராத்திரி ஊருக்கு வந்து, "வீட்டில் யாரிடமாவது பெரிய நோட்டு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம் வீட்டில் யாரிடம் இருக்கப் போகிறது என்று தோன்றியதே தவிர, கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் மாமா எதிரில் அத்தை வாய் திறந்திருக்கமாட்டார். படிவத்தில் பெயரும் விவரமும் எழுதவேண்டுமே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அத்தை அழவில்லை. பழைய மடிப்பிலேயே மடித்து முடிந்துகொண்டு போய்விட்டார். 1999-இல் அவர் போனபின் மருமகள் அந்த மஞ்சள் டப்பாவைக் கழுவும்போது நோட்டு கிடைத்தது. குப்பையில் போடாமல் எடுத்து வைத்தாரே, அதற்கு அவரைக் கும்பிடவேண்டும். பையன் படம் எடுத்து அனுப்பியது இந்த நோட்டைத்தான்.

2016 நவம்பர் 8 இரவு, 500-ம் 1000-மும் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் பேசி முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டேன். நான் ஓய்வுபெற்று ஐந்து வருஷம். தெருவில் உறவுக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாகப் போய், பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, "சிறுவாடு இருந்தா எடுங்கம்மா. எவ்வளவு, எப்படின்னு நான் கேக்கமாட்டேன். டிசம்பர் 30 வரைக்கும் நேரம் இருக்கு" என்று சொன்னேன். எத்தனை டப்பாக்கள், எத்தனை தலையணை உறைகள்! என் வீட்டுக்காரியிடமிருந்தே பதினான்காயிரம் வந்தது. கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கேட்கவில்லை.

அந்த 2016 நோட்டுகளை நினைவுக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2017-இல் வந்த சட்டப்படி ஒருவர் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் குறைந்தது பத்தாயிரம் அபராதம்.

சரி, அத்தையின் நோட்டு என்ன பெறும்? பையனையும் அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் போனேன். நேர்மையான மனிதர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விளக்குக்கு எதிரே பிடித்து நீரெழுத்துப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார், எந்த கவர்னர் என்பதைப் பொறுத்து விலை மாறும். (முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித் கையெழுத்திட்ட நோட்டு என்று யாராவது கொண்டுவந்தால் ஓடிவிடுங்கள். அவர் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை.) பிறகு குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். எட்டு மடிப்பு, மடிப்பு சந்திக்கும் இடத்தில் ஊசிமுனை ஓட்டை. மஞ்சள் கறை. இடது பக்கம் பின் குத்திய துளைகள்.

பின் துளை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கட்டுக் கட்டாகப் பின் அடித்துத் தள்ளியவர்கள் நாங்கள்தானே. 2001-இல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லும் வரை அதுதான் வழக்கம். என் கையால் எத்தனை ஆயிரம் நோட்டுகளின் விலையைக் குறைத்திருப்பேனோ.

"இதே நோட்டு மடிப்பில்லாம, கறையில்லாம இருந்தா பல மடங்கு போகும் சார்" என்றார்.

மருமகள் கேட்டார்: "கறைய எடுத்துட்டா, அண்ணா?"

"எடுக்கவே கூடாதும்மா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கழுவுவது, இஸ்திரி போடுவது, செல்லோடேப் ஒட்டுவது, லேமினேஷன் பண்ணுவது, இந்த நாலும் நல்ல நோட்டைக் கொன்றுவிடும். கழுவினால் காகிதத்தின் முறுக்கு போய்விடும். விவரம் தெரிந்தவன் தொட்ட உடனே கண்டுபிடிப்பான்.

தொகையை இங்கே எழுதப் போவதில்லை. பதினோரு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் பையன் ஏமாந்ததைக் கட்டிவிட்டு அவன் தங்கையின் ஒரு வருஷக் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஆகும். விற்பதா வேண்டாமா என்று பையனும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது மருமகள் குறுக்கே வந்தார். "அத்தை எங்க கல்யாணத்துக்குன்னு வெச்சது, அண்ணா. எங்களுக்குத்தான் ஆகல. பொண்ணு கடைசி வருஷத்துக்கு ஆகட்டும். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஆகவே நோட்டு இப்போது என் பீரோவில், கெட்டியான பாலியஸ்டர் உறைக்குள், விரித்தபடி படுத்திருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைக்கக்கூடாது. நாளடைவில் பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். உறையின் மேல் அத்தையின் பெயரையும் நோட்டின் எண்ணையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய நோட்டு இருந்தால், எந்த எண்ணுக்கும் படம் அனுப்பாதீர்கள். மடிப்பை நீவாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டணம் கிடையாது, காப்பி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.